சேமிக்காத மணல்: மினுமினுப்பைக் கணினியில் வரைவது பற்றி

காரைக்கால் கடற்கரை கிழக்கே பார்த்தது. அதனால் அங்கே கடல் மினுங்குவது காலையில்தான். சூரியன் எழுந்த பிறகு கொஞ்ச நேரம், அடிவானத்திலிருந்து கரைவரை ஓர் ஒளிப்பாதை நீரின்மேல் கிடக்கும். மாலையில் காற்று வாங்க வரும் கூட்டத்துக்கு அந்தக் காட்சி கிட்டாது. பௌர்ணமியன்று நிலவு எழும்போது மட்டும் வெள்ளை ஒளியில் அது மறுபடி வரும். மாலைக்கென்று வேறொரு மினுக்கம் இருக்கிறது. அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மணலில், சாயும் வெயிலுக்கு நேர்முகமாகத் திரும்பி நின்று கீழே பார்த்தால், காலடியில் புள்ளி புள்ளியாக ஒளி தெறிக்கும். ஓர் அடி நகர்ந்தால் அந்தப் புள்ளிகள் அணைந்து வேறு புள்ளிகள் எரியும். காவிரி மேட்டுநிலத்து நைஸ் பாறைகளிலிருந்து அரித்துக் கொண்டுவந்த காக்காய்ப்பொன் தகடுகளும், உடைந்த குவார்ட்ஸ் மணிகளின் தட்டையான முகங்களும் செய்கிற வேலை இது.

இந்த மணலைக் கணினியில் வரைய வேண்டுமென்றால் என்ன செய்வது? திரைப்படத்திலும் விளையாட்டுகளிலும் கடலும் கண்ணாடியும் தோலும் முடியும் நம்பும்படி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் மணல், பனி, உலோகத்தூள் கலந்த கார் பெயிண்ட், சரிகை போன்றவை நெடுங்காலம் வழுவழுப்பாகவே வந்தன. பளபளப்பு வந்தது, மினுமினுப்பு வரவில்லை. இரண்டும் ஒரே இயற்பியல்தான். ஒன்றில் எண்ணிக்கை முடிவிலி என்று கொள்ளப்படுகிறது. மற்றொன்றில் எண்ணிக்கை எண்ணக்கூடிய அளவுக்குச் சிறியது. இந்த ஒரு வேறுபாட்டைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க, அதுவும் நினைவகத்தை வாரி இறைக்காமல் சொல்லிக்கொடுக்க, 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடிப்படை எண்ணம் மிகப் பழையது. பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞரின் ஒளியியல் நூல் அவர் இறந்த பின் 1760-இல் பாரிசில் வெளிவந்தது. சொரசொரப்பான பரப்பு என்பது பல திசைகளில் சாய்ந்த மிகச் சிறிய கண்ணாடிகளின் தொகுப்பு என்று அதில் அவர் கொண்டார். எந்தத் திசையில் எத்தனை முகங்கள் சாய்ந்திருக்கின்றன என்று தெரிந்தால், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு ஒளி வரும் என்று சொல்லிவிடலாம். அந்த 1760-ஆம் ஆண்டில்தான் காரைக்கால், பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆங்கிலேயரிடம் விழுந்தது. பின்னர் பலமுறை கைமாறி, கடைசியில் மீண்டும் பிரெஞ்சு ஊராகி 1954 வரை அப்படியே நின்றது. பூகேயின் எண்ணமும் இடையில் மறைந்து மீண்டும் எழுந்ததுதான். 1967-இல் டாரன்ஸும் ஸ்பேரோவும் அதற்கு முறையான கணித வடிவம் கொடுத்தார்கள். 1981-இல் குக்கும் டாரன்ஸும் அதைக் கணினி வரைகலைக்குள் கொண்டுவந்தார்கள். 2007-இல் வால்டரும் கூட்டாளிகளும் முன்வைத்த ஜிஜிஎக்ஸ் என்ற பரவல் இன்று ஏறக்குறைய எல்லா ரெண்டரிங் (கணக்கிட்டுப் படம் வரையும்) மென்பொருளிலும் இருக்கிறது. 1975-இல் டிரோபிரிட்ஜும் ரைட்ஸும் தந்த வாய்பாட்டின் மறுபிறப்பு அது.

இவை எல்லாவற்றிலும் நுண்முகங்கள் தனித்தனியாக இல்லை. அவற்றின் சாய்வுப் பரவல் மட்டும், வழுவழுப்பான ஒரு வளைகோடாக இருக்கிறது. ‘இந்தச் சாய்வில் இத்தனை விழுக்காடு’ என்று அந்த வளைகோடு சொல்லும். எந்த முகம், எங்கே என்று சொல்லாது.

கடலைப் பொறுத்தவரை இந்த வளைகோட்டை நேரடியாக அளந்தவர்கள் சார்ல்ஸ் காக்ஸும் வால்டர் மங்க்கும். ஹவாய் தீவுகளில் மௌயி அருகே விமானத்திலிருந்து 1951-இல் எடுத்த படங்களைக் கொண்டு, சூரியன் நீரில் மினுங்கும் திட்டின் ஒளிர்வு மையத்திலிருந்து விளிம்புக்கு எப்படிக் குறைகிறது என்று பார்த்தார்கள். முடிவுகளை 1954-இல் வெளியிட்டார்கள். அலைச் சாய்வின் சராசரி வர்க்கம் 0.003 உடன் 0.00512 மடங்கு காற்றின் வேகம் (நொடிக்கு மீட்டரில்) சேர்ந்தது என்பது அவர்கள் கண்ட உறவு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சாய்வு கிட்டத்தட்ட பத்து டிகிரி அளவில் பரவியிருக்கும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். ஒவ்வொரு தெறிப்பையும் அவர்கள் எண்ணவில்லை. திட்டுத் திட்டாகச் சராசரி ஒளியை அளந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

விண்வெளியிலிருந்து பார்க்கும்போதும் சராசரியே போதும். 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளில் கடல் நிறத்தை அளக்கும் ஒரு கருவி இருந்தது. அது நண்பகலை ஒட்டிக் கடலைக் கடந்தது. சூரியன் உச்சியில் இருக்கும்போது நீரின் மினுக்கம் கருவியைக் கண்கூசச் செய்யும் என்பதால், முன்னும் பின்னும் 20 டிகிரி சாய்த்துப் பார்க்கும் வசதியோடு அதை அமைத்திருந்தார்கள். அதன் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 360-க்கு 236 மீட்டர். அந்தப் பரப்புக்குள் கோடிக்கணக்கான அலைமுகங்கள் அடங்கும். காரைக்கால் மீனவர்களுக்கு மீன் கிடைக்கும் பகுதிகள் பற்றிய அறிவிப்பு ஹைதராபாத்திலிருந்து வருகிறதே, அதற்கு அடிப்படையான பாசித்தாவரக் கணக்கு இப்படிப்பட்ட படங்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அங்கே மினுக்கம் என்பது கழித்துவிட வேண்டிய தடங்கல். அதைக் கழிக்கக் காக்ஸ்–மங்க் வளைகோடு போதும். கரையில் நிற்பவருக்கு, அதே கடலில், அது போதாது.

ஏன் போதாது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். சூரியன் வானில் அரை டிகிரிக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் தெரிகிறது. கண்ணாடி ஒரு பங்கு சாய்ந்தால் எதிரொளிக்கும் கதிர் இரு பங்கு திரும்பும். ஆகவே ஒரு தகடு சூரியனை நம் கண்ணுக்குள் காட்ட வேண்டுமானால், அதன் சாய்வு சரியான திசையிலிருந்து 0.13 டிகிரிக்கு மேல் விலகக்கூடாது. மணல்மேல் தகடுகள் பெரும்பாலும் படுத்த நிலையில், ஆறு டிகிரி அளவில் அங்குமிங்கும் சாய்ந்து கிடப்பதாக வைத்துக்கொண்டால், மிகச் சாதகமான கோணத்திலும் ஏறக்குறைய இரண்டாயிரம் தகடுகளில் ஒன்றுதான் சூரியனைக் காட்டும்.

இனி மணல் மணி ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் என்றும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு கண்ணாடி முகம் உடையது என்றும் கொள்வோம். இரண்டு மீட்டர் தொலைவில் உள்ள மணலை நேராகப் பார்க்கும் சாதாரணக் கேமராவின் ஒரு பிக்சல் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. அதற்குள் இருபது மணிகளுக்கும் குறைவு. இரண்டாயிரத்தில் ஒன்று என்றால், நூறு பிக்சலில் ஒன்று எரியும், மற்றவை இருட்டு. அதுதான் மினுமினுப்பு. நூறு மீட்டர் தள்ளியுள்ள மணலை, நிற்கும் ஆளின் கண் உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் பிக்சல் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட பட்டையைப் பார்க்கிறது. அதற்குள் சுமார் இருபத்தைந்து லட்சம் மணிகள், அவற்றில் எரிபவை ஆயிரத்து இருநூறுக்கு மேல். பக்கத்துப் பிக்சலில் அந்த எண்ணிக்கை இரண்டு மூன்று விழுக்காடுதான் மாறும். கண்ணுக்கு அது சமமான பளபளப்பு. வழுவழு வளைகோடு தூரத்து மணலுக்குப் பொய் சொல்லவில்லை. அருகிலுள்ள மணலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவே இல்லை. நடுத் தொலைவுதான் கடினம்: ஒரு பிக்சலில் ஐந்தா, ஏழா, பன்னிரண்டா என்று எண்ணிக்கை துள்ளும் இடம். நல்ல முறை எதுவானாலும் இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே தடம் தெரியாமல் நகர வேண்டும்.

அப்படியானால் எல்லா மணிகளையும் எழுதி வைத்துக்கொண்டால் என்ன? ஒரு கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம் உள்ள கடற்கரைத் துண்டை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 1.6 கோடி மணிகள். மொத்தம் 1.6 லட்சம் கோடி. ஒவ்வொரு மணியின் சாய்வுக்கும் இரண்டே பைட் ஒதுக்கினாலும் 3.2 டெராபைட். நல்ல கிராபிக்ஸ் கார்டுகளிலேயே நினைவகம் சில பத்து ஜிபிதான். எழுதி வைத்தால் மட்டும் போதாது, தேடவும் வேண்டும். ஒரு பிக்சலுக்குள் விழும் லட்சக்கணக்கான மணிகளில் சரியான சாய்வுள்ளவற்றை மட்டும் பொறுக்கியெடுக்க, குருட்டாம்போக்கில் கதிர்களை எறிந்தால் இரண்டாயிரத்தில் ஒன்று படும். மீதிப் படம் முழுவதும் இரைச்சல்.

2014-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் இரண்டு கட்டுரைகள் ஒரே வட்டத்து ஆய்வாளர்களிடமிருந்து வந்தன. லிங்-சி யான், மிலோஷ் ஹாஷன், வென்செல் யாகோப், ஜேசன் லாரன்ஸ், ஸ்டீவ் மார்ஷ்னர், ரவி ராமமூர்த்தி ஆகியோர் இரண்டிலும் இருந்தார்கள். ஒரு கட்டுரை எழுதி வைக்கும் வழியில் போனது. மற்றது எழுதாமலே போகும் வழியில். யான் முதல் ஆசிரியராக இருந்த முதல் கட்டுரை, மிக நுண்ணிய நார்மல் மேப் (பரப்பின் ஒவ்வொரு புள்ளியின் சாய்வையும் பதிந்த படம்) ஒன்றை முழுமையாக எடுத்துக்கொண்டு, ஒரு பிக்சலுக்குள் அடங்கும் சாய்வுகளின் உண்மையான பரவலைக் கணக்கிட்டது. அதுவரை யாரும் காணாத துல்லியம். 2016-இல் யான், ஹாஷன், மார்ஷ்னர், ராமமூர்த்தி நால்வரும் அதைப் பெருமளவு வேகப்படுத்தினார்கள். பரப்பின்மேல் இடத்துக்கு இரண்டு, சாய்வுக்கு இரண்டு என்று நான்கு பரிமாணங்கள் கொண்ட வெளியில் நுண்பரப்பு முழுவதையும் காஸ் மேகங்களின் (மையத்தில் அடர்ந்து விளிம்பில் மங்கும் பரவல்களின்) கூட்டமாக மாற்றினார்கள். விலை நினைவகத்தில் வந்தது. மேகம் ஒன்றுக்கு இடம், சாய்வு, சாய்வு மாறும் வீதம் என எட்டு எண்கள் வேண்டும். எண்ணுக்கு நான்கு பைட் என்றால் 32 பைட். மூல மேப்பில் அதே புள்ளிக்கு இரண்டு பைட் போதுமாயிருந்தது. அரை மீட்டர் சதுர மணலுக்குப் புள்ளிக்கொரு மேகம் என்று கணக்குப் போட்டால்கூட ஏறத்தாழ 130 மெகாபைட் ஆகிவிடும்.

யாகோப் முதல் ஆசிரியராக இருந்த மற்றக் கட்டுரைதான் ஆழமானது என்று நான் கருதுகிறேன். அது மணிகளைச் சேமிக்கவே இல்லை. களத்து மேட்டில் குவிந்த நெல்லை நான்கு பங்காளிகள் பிரிக்கும்போது யாரும் மணியை எண்ணுவதில்லை. மொத்தம் இவ்வளவு, என் பங்கு இவ்வளவு, என் பங்கை நான் என் பிள்ளைகளுக்குப் பிரித்தால் அவரவர்க்கு இவ்வளவு என்று கீழே இறங்கிக்கொண்டே போகலாம். இந்த முறையும் அப்படித்தான். மொத்தப் பரப்பில் இத்தனை தகடுகள் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பரப்பை நான்காகப் பிரி. தகடுகளை அந்த நான்குக்கும் சமவாய்ப்பு முறையில் பங்கிடு. தேவைப்படும் கால்பகுதிக்குள் மட்டும் மேலும் இறங்கு. சாய்வுகளின் வெளியையும் அதேபோல் பிரித்துக்கொண்டே போ. கடைசியில் ‘இந்தப் பிக்சலுக்குள், இந்தச் சாய்வு வட்டத்துக்குள், எத்தனை தகடுகள்?’ என்ற கேள்விக்கு ஓர் எண் கிடைக்கும். தனித் தகடு எதுவும் எங்கும் எழுதப்படவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சமவாய்ப்பு என்றால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு விடை வந்துவிடாதா? வந்தால் மணல் கொதிக்கும். கேமரா அசையாமல் இருந்தாலும் புள்ளிகள் தாவிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, பரப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் முகவரியிலிருந்தே ஒரு விதை எண் பிறக்கிறது. முகவரியை ஹாஷ் செய்து, அதாவது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண் தரும் கணக்கில் இட்டு, விதையைப் பெற்று, அந்த விதையிலிருந்து பங்கீட்டைச் செய்தால், அதே இடத்தை எத்தனை முறை கேட்டாலும் அதே விடைதான். நேற்று பார்த்த இடத்தில் அதே வெயிலில் அதே தகடு இன்றும் எரியும். எழுதி வைத்த மணலிடம் நாம் எதிர்பார்ப்பதும் இது ஒன்றைத்தான்: கேட்டால் சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்லக் கூடாது. 3.2 டெராபைட் செய்கிற வேலையைச் சில வரி நிரல் செய்கிறது.

இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பது குறைவான பார்வை. கடற்கரையில் நிற்பவர் எந்த மணியையும் தனியாக அறிந்தவரல்லர். அவருக்குத் தெரிவது இரண்டு: மினுக்கத்தின் அடர்த்தி சரியாக இருக்கிறதா, நகரும்போது அது சரியான முறையில் மாறுகிறதா என்பவை. இந்த இரண்டையும் காப்பாற்றும் முறை, பார்ப்பவர் பெறக்கூடிய உண்மை அனைத்தையும் காப்பாற்றிவிட்டது. டெராபைட்டுகளில் எழுதி வைத்தது பார்ப்பவர் ஒருபோதும் சரிபார்க்க முடியாத விவரம்.

ஆனால் எல்லா மினுக்கமும் தனித்தனித் தகடுகளால் ஆனதல்ல. புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு, அலை பின்வாங்கிய ஈர மணல், சுத்தியல் தடம் உள்ள செம்புத் தவலை ஆகியவற்றின் பரப்பு தொடர்ச்சியானது. ஒரு மேடு அடுத்த பள்ளத்துக்குள் வழிந்து இறங்குகிறது. தகடுகளை எண்ணும் முறையில் அந்தத் தொடர்ச்சி தெரியாது. இப்படிப்பட்ட பரப்பை அளந்துதான் ஆக வேண்டும். அளந்த மாதிரி சிறியதாக இருக்கும், வரைய வேண்டிய பரப்போ பெரியது. மாதிரியை ஓடு பதிப்பதுபோல் அடுத்தடுத்து வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். திரும்பத் திரும்ப வரும் ஒரே பிரகாசப் புள்ளியைப்போல் கண்ணை உறுத்துவது வேறில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2020-இல் பெய்பெய் வாங், ஹாஷன், நிக்கோலா ஹோல்ஷுஷ், யான் ஆகியோர் எழுதிய கட்டுரை. பரப்பு எவ்வளவு பெரிதானாலும் சேமிப்பு மாறாது என்பதே அதன் வாக்குறுதி. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன் எரிக் ஐட்சும் ஃபாப்ரீஸ் நெய்ரேயும் காட்டிய ஒரு வழியில் அது நிற்கிறது. பரப்பின் ஒவ்வொரு இடத்திலும், மாதிரியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து சமவாய்ப்பில் வெட்டிய மூன்று துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒவ்வொன்றின் எடையும் மெல்லக் கூடிக் குறைகிறது. சாதாரணச் சராசரி எடுத்தால் மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பரப்பு மழுங்கிவிடும். எனவே எடைகளின் வர்க்கங்களைக் கூட்டி அதன் வர்க்கமூலத்தால் வகுத்து, இழந்த ஏற்றத்தாழ்வைத் திருப்பித் தருகிறார்கள். எந்தத் துண்டு எங்கே என்பதை இங்கும் முகவரியின் ஹாஷ் தீர்மானிக்கிறது. இப்படி முடிவில்லாத பரப்பு கிடைக்கிறது. மாதிரியைத் தவிர அதில் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

ஒரு புள்ளியின் சாய்வைக் கேட்பது இதில் எளிது. மினுக்கத்துக்கு அது போதாது; ஒரு பிக்சலின் முழுப் பரப்பையும் கேட்க வேண்டும், ‘இந்தச் சாய்வு இதற்குள் எங்காவது இருக்கிறதா’ என்று. இல்லாத பரப்பிடம் எப்படிக் கேட்பது? மாதிரியின் எந்தப் பகுதியில் சாய்வுகள் எந்த எல்லைக்குள் அடங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், மூன்று துண்டுகளின் எல்லைகளைச் சேர்த்துக் கலவையின் எல்லையைச் சொல்லிவிடலாம். வேண்டிய சாய்வு அந்த எல்லைக்கு வெளியே என்றால் அந்தப் பகுதியைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. புள்ளிக் கேள்விக்கும் பரப்புக் கேள்விக்கும் இரண்டுக்கும் விடை தரும் என்பதில்தான் இந்தக் கட்டுரை வழக்கமான டெக்ஸ்சர் பெருக்கத்திலிருந்து வேறாகிறது. 2048-க்கு 2048 புள்ளிகள் கொண்ட மாதிரி, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், எட்டு மெகாபைட் சொச்சம். மேலே கணக்கிட்ட கடற்கரைக்கும் அதே எட்டு மெகாபைட். நாகப்பட்டினம்வரை நீட்டினாலும் அதே எட்டு.

விளையாட்டுகளில் நொடிக்கு அறுபது படங்கள் வேண்டும். அங்கும் எழுதாத வழியே வென்றது. சிர்ரும் கப்லான்யனும் 2016-இல், ஷெர்மேனும் கூட்டாளிகளும் 2020-இல், டெலியோவும் பெல்கூரும் 2023-இல் ஆளுக்கொரு சுருக்குவழி கண்டார்கள். கடைசி இருவரும் பரப்பை நான்கு நான்காகப் பிரித்துக் கீழிறங்குவதையே விட்டுவிட்டார்கள். பிக்சலின் அளவுக்குப் பொருந்தும் கட்டத்தில் நேராகப் போய் நின்று, அங்கே எத்தனை தகடுகள் எரியும் என்பதை ஈருறுப்புப் பரவலிலிருந்து ஒரே எண்ணாக எடுக்கிறார்கள். எண்ணிக்கை பெரிதாகும்போது ஈருறுப்புப் பரவல் தானாகவே காஸ் வளைகோட்டை நெருங்கும் என்பதால், தூரத்துப் பளபளப்பும் அருகின் மினுக்கமும் ஒரே கணக்கிலிருந்து பிறக்கின்றன.

காரைக்காலில் இதைப் பற்றி எழுதுவதற்கு மணல் மட்டும் காரணமல்ல. புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு நடுவில் கடலோரம் கிடக்கும் இந்தத் துண்டு நிலத்தில், திருவேட்டக்குடியில், 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஏராளம். விலையுயர்ந்த கார்டுகள் அடுக்கிய கூடத்தில் மட்டும் ஓடும் முறைகள் அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும், செய்துபார்க்கக் கிடைக்காது. இங்கே விவரித்த முறைகள் ஓர் எளிய மடிக்கணினியில், நான்கு ஜிபி கைப்பேசியில்கூட, முயன்று பார்க்கக் கூடியவை. இந்த வட்டாரத்தில் வரையப்பட வேண்டிய மினுக்கங்கள் நிறைய இருக்கின்றன: நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலைச் செப்புத்திருமேனி, கூறைநாட்டுக் கூறைப்புடவை, திருபுவனம் பட்டு. இவற்றைப் புகைப்படம் எடுத்துவைத்தால் ஆவணம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மினுக்கத்தைப் பொறுத்தவரை அது தவறு. ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள சேலையை நம் இரு கண்களும் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. சூரியனுக்கு அனுமதிக்கப்பட்ட விலகலோ 0.13 டிகிரி. ஆகவே ஒரு கண் காணும் புள்ளிகளில் எதையும் மறு கண் காண்பதில்லை. ஒற்றைப் படத்தில் உறைந்த புள்ளிகள் வெறும் வெள்ளைப் பொட்டுகள். பாதுகாக்க வேண்டியது நுண்பரப்பை.

மிக நுண்ணிய பரப்புகளில் இன்னொரு சிக்கல் குறுக்கிடுகிறது. மேடு பள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தை நெருங்கும்போது நுண்முகம் என்ற கருத்தே ஆட்டம் காணும். தெறிப்புகளில் நிறம் தோன்றும். பெங்களூரில் சி. வி. இராமனின் மாணவராயிருந்த ஜி. என். ராமச்சந்திரன் 1943-இல், தூள் படிந்த பரப்பு வழியே ஒளி செல்லும்போது தோன்றும் ஒளிவளையத்துக்குள் ஒளிச்செறிவு புள்ளி புள்ளியாக ஏறி இறங்குவதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். எண்ணற்ற துகள்களிலிருந்து வரும் அலைகள் சமவாய்ப்பில் கூடுவதால் எழும் அந்தத் துள்ளல், லேசர் வருவதற்கு முன்பே, இந்தியாவில் இப்படிக் கணக்கிடப்பட்டது. பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்டவராகவே அவரை நாம் நினைக்கிறோம். இந்த இளமைக்கால வேலையும் நினைக்கத் தக்கது. யானும் கூட்டாளிகளும் 2018-இல் அலை ஒளியியலை மினுக்க ரெண்டரிங்குக்குள் கொண்டுவந்தபோது, கீறல் விழுந்த உலோகத்தின் வண்ணத் தெறிப்புகள் நம்பும்படி வந்தன. நினைவகச் சிக்கனத்தோடு அதைச் செய்வது இன்னும் கடினமான வேலை.

அதைவிட அருகில் நிற்கும் கடினம் சரிகை. பட்டு இழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது அசல் சரிகை. கம்பியின் ஒவ்வொரு சுற்றும் ஒரு சிறு முகத்தை வெளியே காட்டுகிறது. மணலில் ஒரு மணியின் சாய்வு பக்கத்து மணியைக் கட்டுப்படுத்தாது. ஈருறுப்புப் பரவல் அந்தச் சுதந்திரத்தின்மேல் நிற்கிறது. சரிகையில் ஒரே இழையின் அடுத்தடுத்த முகங்கள் ஏறக்குறைய ஒரே சாய்வுடையவை. ஒன்று எரிந்தால் வரிசையே எரியும். ஐம்பது முகங்கள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால், துள்ளல் ஐம்பதின் வர்க்கமூலம், அதாவது ஏழு மடங்கு, கூடுகிறது. மணலின் மினுக்கம் தொலைவில் மங்கிப் பளபளப்பாகிவிட, கல்யாண மண்டபத்தின் மறுகோடியிலிருந்தும் முந்தானைக் கரை கோடு கோடாக மின்னுவது இதனால்தான். மூன்று துண்டுகளைச் சமவாய்ப்பில் கலக்கும் முறையைச் சரிகைமேல் ஏவினால் அந்த வரிசை கலைந்து, சேலை மணலாகிவிடும். தகடுகளைச் சிதறும் முறையும் அதையே செய்யும்.

எனவே சரிகைக்கு எண்ண வேண்டிய அலகு முகமன்று, இழை. ஓர் இழையின் முறுக்கு, சராசரிச் சாய்வு, அது வழிநெடுக எப்படி அலைகிறது என்பவற்றை எழுதி வைத்து, முகங்களை மட்டும் இழையின் முகவரியிலிருந்து ஹாஷில் பிறப்பிக்கலாம். ஒரு கரையில் முந்நூறு சரிகை இழைகள் என்று வைத்து இழைக்கு நூறு பைட் கொடுத்தால் முப்பதாயிரம் பைட். நெய்தவர் கொடுத்த ஒழுங்கு அதில் முழுதாக வந்துவிடும். உடுத்தவர் கொடுத்த மாற்றம் வராது: ஆண்டுக்கணக்கில் பெட்டியில் மடித்துவைத்த கோட்டில் கம்பி நசுங்கி, முலாம் தேய்ந்து, வெள்ளி கறுத்த இடங்கள் எந்த விதை எண்ணிலிருந்தும் பிறக்க மாட்டா. அவற்றை ஒவ்வொரு புடவையிலும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, இடம் குறித்து, அப்படியே எழுதித்தான் வைக்க வேண்டும்.